அட்டவணையிலிருந்து படிவத்துக்கு: ஸ்கிரிப்ட் மொழிகளும் உறவுசார் தரவுத்தளமும்

சித்தூர் மாவட்டம் சாந்திபுரம் மண்டலத்தில், ஆந்திரத்தின் மற்ற ஊர்களில் உள்ளதுபோலவே, நிலத்துக்கு இரண்டு கணக்குகள் உண்டு. அடங்கல் சர்வே எண்ணைப் பிடித்துக்கொண்டு போகும்: பரப்பு எவ்வளவு, பட்டாதாரர் யார், அனுபவத்தில் இருப்பவர் யார், பயிர் என்ன. 1-பி கணக்கோ பட்டாதாரரின் காத்தா எண்ணைப் பிடித்து, அவருக்கு உரிய சர்வே எண்கள் அத்தனையையும் ஓரிடத்தில் திரட்டும். இரண்டும் சொல்வது ஒரே நிலத்தைத்தான். உறவுசார் தரவுத்தளத்துக்கும் ஆப்ஜெக்ட் முறை நிரலாக்கத்துக்கும் இடையே நாற்பது ஆண்டுகளாக நீடிக்கும் இழுபறியை விளக்க இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியாது. அட்டவணை அடங்கலைப் போலச் சேமிக்கிறது. நிரல் எழுதுபவர் 1-பி கேட்கிறார்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் உறவுசார் மாதிரியை முன்வைத்தபோது, தரவு எந்த நிரலையும் சாராமல் நிற்க வேண்டும் என்பதே அவருடைய முதல் அக்கறை. ஆப்ஜெக்ட் முறை தரவையும் அதன் செயலையும் ஒன்றாகக் கட்டியது. 1984-இல் ஜார்ஜ் கோப்லண்டும் டேவிட் மேயரும் ஸ்மால்டாக் மொழியையே தரவுத்தளமாக்க முயன்றார்கள், அதாவது அட்டவணையையே விட்டுவிடும் வழி. வணிக உலகம் அந்த வழியில் போகவில்லை. வங்கியும் அரசும் அட்டவணைகளை வைத்துக்கொண்டன. ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு அடுக்கு தேவைப்பட்டது. 1990-களில் நெக்ஸ்ட் நிறுவனத்தின் கருவிகளும் டாப்லிங்க்கும் அதைக் கட்டின.

ஸ்கிரிப்ட் மொழிகளின் கதை வேறு. பெர்ல் மொழியில் டிம் பன்ஸ் 1994-இல் தொடங்கிய டி.பி.ஐ., அட்டவணையின் ஒரு வரிசையை வெறும் பட்டியலாகவோ பெயர்–மதிப்பு இணைகளாகவோ கொடுத்தது. அதன்மேல் மைக்கேல் ஷ்வெர்ன் எழுதிய கிளாஸ்::டி.பி.ஐ., புலப்பெயர்களை ஒருமுறை சொன்னால் போதும் என்றாக்கியது. ஒவ்வொரு புலத்துக்கும் உரிய செயல்முறையை நிரல் ஓடும் நேரத்திலேயே அது உருவாக்கிக்கொண்டது. இதை மொழியின் இயல்பு எளிதாக்கியது. ஜாவாவில் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்ததை, ஓட்டத்தின் நடுவே கிளாஸை மாற்றிக்கொள்ளும் மொழி சில வரிகளில் முடித்தது.

மார்ட்டின் ஃபௌலர் 2002-இல் வெளியிட்ட நூல் இந்த முறைகளுக்குப் பெயர் சூட்டியது. ஒரு வரிசையே ஓர் ஆப்ஜெக்ட், தன்னைச் சேமிக்கத் தனக்கே தெரியும் என்பது ஆக்டிவ் ரெக்கார்டு. சேமிக்கும் வேலையை வெளியே உள்ள தனி அடுக்கிடம் ஒப்படைப்பது டேட்டா மேப்பர். 2004-இல் டேவிட் ஹைனமையர் ஹான்சன் வெளியிட்ட, வலைச் செயலிகளைக் கட்டும் கருவியான ரெயில்ஸ் முதலாவதை எடுத்துக்கொண்டது. புலங்களைத் தரவுத்தளத்திடமே கேட்டுத் தெரிந்துகொண்டது. 2005-இல் கான்சாஸ் மாநிலத்தின் ஒரு செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து வெளிவந்த ஜாங்கோ அதைத் தலைகீழாக்கியது: பைத்தானில் கிளாஸை எழுதினால் அட்டவணை தானே உருவாகும். 2006-இல் மைக் பேயரின் எஸ்.க்யூ.எல்.ஆல்கெமி டேட்டா மேப்பர் முறையைப் பைத்தானுக்குக் கொண்டுவந்தது.

வசதியோடு ஒரு நோயும் வந்தது. ஓர் ஊரின் நூறு பட்டாதாரர்களையும் அவர்களின் சர்வே எண்களையும் காட்டச் சொன்னால், கவனமில்லாத நிரல் பெயர்களுக்காக ஒரு வினவலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒன்றுமாக 101 வினவல்களை அனுப்பும். ஒரே இணைப்பு வினவலில் தீர வேண்டிய வேலை அது. எழுதுபவரின் கண்ணுக்கு ஒரு சிறு சுழற்சி மட்டுமே தெரியும், அதற்கான செலவு தெரியாது. இதைத் தவிர்க்கும் வழி எல்லாக் கருவிகளிலும் உண்டு, ஆனால் கேட்டுப் பெற வேண்டும்.

இதுவரை பார்த்தவை எல்லாம் தகவலின் வடிவத்தை இரண்டு இடங்களில் ஒன்றில் எழுதி வைத்தன: தரவுத்தளத்தில், அல்லது கிளாஸில். இந்தியாவில் பிறந்த இரண்டு மென்பொருள்கள் மூன்றாவது இடத்தைக் கையாண்டன. அந்த இடம் படிவம். சேல்ஸ்ஃபோர்ஸ் போன்றவை இதே திசையில் ஏற்கெனவே நடந்திருந்தன என்பது உண்மை. ஆனால் ஸ்கிரிப்ட் மொழிகளின் வரலாற்றைச் சொல்பவர்கள் இவ்விரண்டையும் கடந்துபோய்விடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

சென்னையில் வளர்ந்த ஸோஹோ, தென்காசிப் பக்கத்துக்கும் திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவுக்கும் அலுவலகங்களைக் கொண்டுபோன நிறுவனம். அது 2006-இல், அட்வென்ட்நெட் என்ற பெயரில் இயங்கியபோதே, கிரியேட்டரை வெளியிட்டது. பயன்படுத்துபவர் திரையில் படிவத்தை வடிவமைக்கிறார். தரவு அதில் சேர்கிறது. டெலூஜ் என்ற ஸ்கிரிப்ட் மொழியில் படிவத்தின் பெயரைச் சொல்லி நிபந்தனை கொடுத்தால் பதிவு கைக்கு வரும், புள்ளி வைத்துப் புலத்தை எடுக்கலாம். கிளாஸ் எழுதவே வேண்டாம். கணக்கரோ கடைக்காரரோ படிவத்தை அறிவார், கிளாஸை அறியார் என்ற புரிதல் இதில் இருக்கிறது.

மும்பையில் ருஷப் மேத்தா தொடங்கிய ஃப்ராப்பே இதைத் திறந்த மூலத்தில், பைத்தானிலும் மரியா டி.பி.யிலும் செய்தது. ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற நிறுவன மேலாண்மை மென்பொருள் அதன்மேல்தான் நிற்கிறது. இதன் அலகு டாக்டைப், அதாவது ஒரு வகைப் பதிவின் படிவம். ஒரு டாக்டைப்பின் புலங்கள், அனுமதிகள், திரையமைப்பு எல்லாம் தரவுத்தளத்தில் வரிசைகளாகவே கிடக்கின்றன. டாக்டைப் என்பதே ஒரு டாக்டைப். 'கஸ்டமர்' என்று ஒன்றை உருவாக்கினால் முன்னொட்டு சேர்ந்து 'டேப்கஸ்டமர்' என்ற அட்டவணை பிறக்கிறது. நிர்வாகி திரையில் ஒரு புலத்தைச் சேர்த்தால் அட்டவணையும் மாறுகிறது, ஆப்ஜெக்டும் மாறுகிறது. ஒரு பதிவுக்குள் அடங்கும் உட்பட்டியலின் ஒவ்வொரு வரிசையும் தன் தாய்ப் பதிவின் பெயரையும் வகையையும் தானே சுமக்கிறது. சரிபார்க்கும் விதிகள் போன்றவற்றைப் பைத்தான் கிளாஸில் எழுதலாம். வடிவம் தரவாகிவிட்டதால் கிளாஸுக்கு நடத்தை மட்டுமே மிஞ்சுகிறது. இது ஜாங்கோவைவிடத் துணிச்சலான பிரிப்பு என்பது என் மதிப்பீடு.

அதற்கு விலையும் உண்டு. ஒரு பதிவு இன்னொன்றைச் சுட்டும் இணைப்புப் புலத்துக்கு ஃப்ராப்பே தரவுத்தளத்தில் அயல் திறவுகோல் போடுவதில்லை. சுட்டப்படும் பதிவு இருக்கிறதா என்பதைப் பைத்தான் அடுக்குதான் பார்க்கிறது. அந்த அடுக்கைத் தாண்டி ஒருவர் நேரடியாக எஸ்.க்யூ.எல். கட்டளையால் வாடிக்கையாளரை அழித்தால், அவர் பெயரில் உள்ள ரசீதுகள் அநாதையாக நிற்கும், தரவுத்தளம் தடுக்காது. எந்த நிரல் வந்தாலும் போனாலும் முரண்படாத தரவு வேண்டும் என்பதற்காகக் காட் தம் 1970 கட்டுரையின் இரண்டாம் பகுதியை ஒதுக்கியிருந்தார். படிவம் தந்த நெகிழ்வுக்கு ஈடாக ஃப்ராப்பே தரவுத்தளத்திடமிருந்து விலக்கிக்கொண்டது அந்தக் காவலைத்தான்.