கோட்டைக்கு வெளியே இருந்த காவல்

செஞ்சி என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் தேசிங்குராஜனும் அவனது குதிரையும்தான். 1714இல் அவன் மாண்டான். கதைப்பாடல் இன்னும் மாளவில்லை. மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பலர் கைமாறிய அக்கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ராஜகிரியின் நெற்களஞ்சியங்களை வியந்துவிட்டுக் கீழிறங்கும் நாம் ஒன்றைக் கேட்பதில்லை. அந்த மதில்கள் அரசனைக் காத்தன, சரி; சுற்றுப்புறத்து ஊர்களின் மாட்டையும் களத்து நெல்லையும் காத்தவர் யார்?

தலையாரியும் காவல்காரரும்தான். 'பாடிகாவல்' என்னும் வரியைச் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே காண்கிறோம். ஊர்க்காவலனுக்கு மாதச் சம்பளம் இல்லை. அறுவடையில் களத்துமேட்டிலேயே அளந்து தரும் மேரையும், சிறிது மானிய நிலமும் அவனுக்குரியவை. (இத்தகைய பங்குக்குச் 'சுதந்திரம்' என்றும் பெயர். பழைய ஊர்க்கணக்குகளில் இச்சொல்லைக் கண்டு அரசியல் விடுதலை என மயங்க வேண்டாம்!) அதற்கு ஈடாக அவன் ஏற்ற பொறுப்பு நம்மை வியக்க வைப்பது. களவு போனால் அவன் கள்வனைப் பிடிக்க வேண்டும். அன்றேல் பறிபோன பொருளின் மதிப்பைத் தானே தர வேண்டும். கள்வனின் காலடித்தடம் அடுத்த ஊர் எல்லைக்குள் சென்றதைக் காட்டிவிட்டால், பொறுப்பு அவ்வூர்க் காவலுக்கு மாறும்.

இதைப் பொற்காலமென்று பாட நாம் முன்வரவில்லை. காவற்கூலி தராத ஊரில் களவு தவறாமல் நடக்கும். 'துப்புக்கூலி' கைமாறினால் காணாமற்போன மாடு மறுநாளே திரும்பிவரும். வேலியே பயிரை மேய்ந்த கதைகள் தென்மாவட்டங்களில் ஏராளம்.

1801இல் கர்நாடகப் பகுதி கும்பெனியாரின் நேராட்சிக்கு வந்தது. 1802ஆம் ஆண்டுச் சட்டம் பழைய காவல்முறையை ஒழித்து, வங்கத்தைப் பின்பற்றித் தாரோகாக்களை நியமித்தது. ஊரறியாத தாரோகாவால் பயனில்லை. எனவே 1816இல், தாமஸ் மன்றோவின் கருத்துப்படி, ஊரில் மணியக்காரரும் தலையாரியும், தாலுகாவில் தாசில்தாரும், மேலே கலெக்டரும் காவலுக்குப் பொறுப்பாயினர். சில்லறைக் குற்றத்துக்கு மணியக்காரர் ஒருவரைப் பன்னிரண்டு மணி நேரம் அடைத்துவைக்கலாம். தாழ்ந்த சாதியென்று கருதப்பட்டவராயின் ஆறு மணி நேரம் தொழுமரத்தில் மாட்டலாம். சட்டத்திலேயே சாதி ஏறிக்கொண்டது இப்படித்தான்.

இம்முறையின் பெருங்கேடு வேறிடத்தில் இருந்தது. வரி தண்டியவரே காவலுக்கும் அதிகாரி. கிஸ்தி கட்டாத குடியானவன் யாரிடம் போய் முறையிடுவான்? 1855இல் வெளிவந்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை விரல்களை நெரிக்கும் கிட்டியையும், ஆளைக் குனியவைத்துக் கட்டும் அண்ணாந்தாளையும் பெயர்சொல்லியே பதிவு செய்தது. அவ்வறிக்கையின் விளைவுகளில் ஒன்றே 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டக் காவல் சட்டம். காவல் வரித்துறையிலிருந்து பிரிந்தது. சீருடையும் சம்பளமும் கொண்ட போலீஸ் பிறந்தது. அச்சட்டத்தின் நினைவாகவே செப்டம்பர் 6ஐக் காவலர் நாளாகத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது.

பிரித்தது நியாயமே. ஆனால் ஸ்டேஷன் ஓரிடத்தில் அமைய, ஊர்கள் எட்டத்தில் இருந்தன. சில காவலர் பல ஊர்களுக்குப் பொது. இரவில் விழித்திருக்க ஊரிலொருவன் வேண்டியிருந்தமையால் தலையாரியை அரசு கைவிடவில்லை. 1902-03இல் கூடிய ஃப்ரேசர் தலைமையிலான போலீஸ் கமிஷனும் ஊர்த்தலைவரையும் ஊர்க்காவலையும் விடாமல் பயன்படுத்தவே பரிந்துரைத்தது. மேரை போய்ச் சிறு சம்பளம் வந்தது; களவுக்கு ஈடு தரும் பழைய கடமையும் போயிற்று.

1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை மணியக்காரரையும் கர்ணத்தையும் நீக்கியது. தலையாரி பிற்பாடு கிராம உதவியாளரானார். சந்தேக மரணத்தையும் கள்வர் நடமாட்டத்தையும் ஸ்டேஷனுக்குத் தெரிவிக்கும் கடமை இன்றும் கிராம அலுவலர்மேல் சட்டப்படி நிற்கிறது. காணாமற்போன ஆட்டுக்காகச் செஞ்சிப் பக்கத்துக் குடியானவர் இன்று ஸ்டேஷனில் மனு எழுதித் தருகிறார். அதன் விலையைத் தர வேண்டியவர் யாருமில்லை.