கண் மங்கிய இறாலும் காவல்கார உளுவையும்

கண் தெரியாதவர் ஒருவரும் நடக்க முடியாதவர் ஒருவரும் சேர்ந்து பயணம் போன கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறிக்கொள்வார். கீழே இருப்பவர் கால், மேலே இருப்பவர் கண். இதே கதை கடலுக்கு அடியில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, தினமும் நடந்துகொண்டிருக்கிறது.

அங்கே கால் ஓர் இறால். கண் ஒரு மீன்.

அந்த இறாலின் பெயர் துப்பாக்கி இறால். ஆங்கிலத்தில் பிஸ்டல் ஷ்ரிம்ப் என்பார்கள். விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் அதன் இரண்டு கொடுக்குகளில் ஒன்று மட்டும் உடம்புக்குப் பொருத்தமே இல்லாமல் பெரிதாக இருக்கும். நாள் முழுக்க மணலைத் தோண்டி வளை அமைப்பதுதான் இதன் வேலை. பார்வை மட்டும் மிக மோசம். அந்த மீனோ கோபி வகையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுக் குளங்களிலும் கழிமுகங்களிலும் இருக்கும் இதன் உறவினர்களை உளுவை என்பார்கள். உளுவைக்குக் கண் கூர்மை. ஆனால் இப்படி ஒரு வளையை அதனால் தோண்ட முடியாது. ஆகவே இறால் வீடு கட்டுகிறது, உளுவை வாசலில் காவல் நிற்கிறது.

இன்று உலகம் முழுவதும் வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் ஆசையாக வளர்க்கும் ஜோடி இது. ஆனால் இந்த நட்பு மனிதன் கண்ணில் பட்டு, அவன் வீட்டுக் கூடம் வரை வந்து சேர ஆன காலம் கொஞ்சநஞ்சம் அல்ல.

இரண்டு பெயர்கள், இரண்டு ஜாடிகள்

செங்கடலில் வாழும் ஓர் உளுவைக்கு 1837-ம் ஆண்டு பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியென் பெயர் வைத்தார். இன்று அதன் அறிவியல் பெயர் கிரிப்டோசென்ட்ரஸ் கிரிப்டோசென்ட்ரஸ். அதே கடலில் வாழும் ஒரு துப்பாக்கி இறாலுக்கு 1909-ல் டி மான் என்ற டச்சு ஆய்வாளர் அல்ஃபியஸ் ஜிபூட்டென்சிஸ் என்று பெயரிட்டார். இடையில் 1899-ல் ஹென்றி கூத்தியேர் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த இறால் குடும்பத்தைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி முடித்தார்.

மீனுக்கும் பெயர் கிடைத்தது, இறாலுக்கும் பெயர் கிடைத்தது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்பது மட்டும் பதிவாகவில்லை!

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் கடல் உயிர்களை ஆராய்ந்த விதம் அப்படி. வலை போட்டு இழுப்பார்கள், கிடைத்ததை ஸ்பிரிட் ஜாடியில் போடுவார்கள். மீன் மீன்கள் அலமாரிக்குப் போகும், இறால் இறால்கள் அலமாரிக்குப் போகும். வளை என்பது வெறும் மணல். அதை எந்த ஜாடியிலும் போட முடியாது. வீடு கலைந்த பிறகு அதில் யார் யார் குடியிருந்தார்கள் என்று எப்படித் தெரியும்?

உயிரோடு வைத்துப் பார்த்தவர்களுக்கு வேறொரு அதிசயம் தெரிந்தது. துப்பாக்கி இறால் தன் பெரிய கொடுக்கை இழந்துவிட்டால், எதிர்ப்பக்கத்துச் சின்னக் கொடுக்கு வளர்ந்து பெரிய கொடுக்காக மாறிவிடும். இழந்த இடத்தில் சின்னது முளைக்கும். வியன்னாவின் ஹான்ஸ் பிரிஸிபிராம் 1901-லும், அமெரிக்காவின் ஈ.பி. வில்சன் 1903-லும் இதைப் பற்றி எழுதினார்கள்.

முதலில் கேட்டது சத்தம்தான்

இந்த இறால்கள் பெரிய அளவில் கவனம் பெற்றது இரண்டாம் உலகப் போரின்போது. நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க அமெரிக்கக் கடற்படை தண்ணீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான ஆழமில்லாக் கடல்களில் ஒரு விசித்திரமான சத்தம். எண்ணெயில் அப்பளம் பொரிவது போல, காய்ந்த சுள்ளி எரிவது போல, இரவும் பகலும் ஓயாத சடசடப்பு. எதிரிக் கப்பலின் சத்தம் இதில் அமுங்கிப் போய்விடும். அப்படியானால் இது எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்று தெரிந்தாக வேண்டுமே!

சான் டியாகோவில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் போர் ஆய்வுப் பிரிவு இதில் இறங்கியது. மார்ட்டின் ஜான்சன், எவரெஸ்ட், யங் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை போர் முடிந்தபின் 1947-ல் வெளியானது. சத்தத்துக்குக் காரணம் துப்பாக்கி இறால் கூட்டங்களே என்று அது விளக்கியது. பாறையும் பவளமும் சிப்பியும் நிறைந்த ஆழமில்லாத் தரைதான் இவற்றின் இடம். ஆக இந்த இறாலை மனிதன் முதலில் அறிந்தது ஒரு தொல்லையாக. அதன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வாசலில் நின்ற மீன்

1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் அக்வாலங் என்ற நீர்மூச்சுக் கருவியை உருவாக்கினார்கள். அதன் பிறகு கடலுக்கு அடியில் பொறுமையாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது சாத்தியமாயிற்று. ஜாடியில் தெரியாதது மணல் தரையில் தெரிந்தது.

1958-ல் ஜெர்மானியரான வொல்ஃப்காங் லூத்தர், செங்கடலில் அல்ஃபியஸ் ஜிபூட்டென்சிஸ் இறாலும் உளுவை மீனும் கூட்டாக வாழ்வதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். பக்கங்கள் மூன்றுதான். மீனுக்குப் பெயர் வைத்து 120 ஆண்டுகள் கழித்து அதன் குடும்ப விவரம் வெளியே வந்தது! இரண்டே ஆண்டுகளில், 1960-ல், செங்கடல் உளுவை ஒன்றுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது: கிரிப்டோசென்ட்ரஸ் லூத்தரி.

இந்த மீன்களை ஆராய்ந்தவர்களில் ஒரு சக்கரவர்த்தியும் உண்டு. 1989 முதல் 2019 வரை ஜப்பானின் பேரரசராக இருந்த அகிஹிட்டோ, உளுவை மீன்களில் உலகறிந்த நிபுணர். பட்டத்து இளவரசராக இருந்தபோதே, 1983-ல், ஒகினாவாவில் கிடைத்த ஒரு புதிய உளுவை இனத்தை மெகுரோ என்ற ஆய்வாளருடன் சேர்ந்து விவரித்தார். மையர்சினா நிக்ரிவிர்கட்டா என்ற அந்த மீனும் இறாலோடு குடித்தனம் நடத்தும் வகைதான்.

கண்ணாடிக்குள் வந்த வளை

சேர்ந்து வாழ்கின்றன, சரி. இரண்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

இதற்கு விடை தேட மீன்தொட்டி உதவியது. இஸ்ரேலைச் சேர்ந்த இலான் கார்பிளஸும் அவருடைய சகாக்களும் தொட்டிகளில் செயற்கை வளைகளை அமைத்து, செங்கடல் ஜோடியை அதில் குடியேற்றினார்கள். அந்த ஆய்வு 1972-ல் வெளிவந்தது. ஹவாயில் வேறொரு ஜோடியை ஆராய்ந்த பிரெஸ்டனின் கட்டுரை 1978-ல் வந்தது.

தெரிய வந்த விஷயம் இதுதான். இறால் வெளியே வரும்போது தன் மீசையை, அதாவது நீளமான உணர்கொம்பை, மீனின் உடம்பில் வைத்துக்கொள்ளும். மணலை புல்டோசர் மாதிரி தள்ளிக்கொண்டு வரும்போதும் அந்தத் தொடுதலை முடிந்தவரை விடாது. ஆபத்து தெரிந்தால் மீன் வாலைச் சட்டென்று அசைக்கும். அந்தச் சின்ன அசைவு போதும், இறால் உள்ளே ஓடிவிடும். ஆபத்து பெரிது என்றால் மீனும் தலைகீழாகப் பாய்ந்து வளைக்குள் புகுந்துவிடும். வாசலில் மீன் இல்லையென்றால் இறால் வெளியே வரத் தயங்கும்.

இன்னொன்றும் தெரிந்தது. மீன் இறாலைக் கண்ணால் பார்த்துத் தேடி வருகிறது. இறாலோ மீனைத் தண்ணீரில் கரைந்து வரும் வாசனையால் அடையாளம் காண்கிறது.

வீட்டுக்கு வரத் தாமதம் ஏன்?

கடல் உயிர்களை வீட்டில் வளர்க்கும் ஆசை பழையது. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறந்தது. மறு ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' புத்தகம் வந்தது. இங்கிலாந்தின் கூடங்களில் கடல்நீர்த் தொட்டி ஒரு மோகமாகப் பரவி, சில ஆண்டுகளில் அடங்கியது. அது குளிர்கடல் உயிர்களின் காலம். பவளக் கடல் உயிர்கள் அந்தத் தொட்டிகளில் பிழைத்திருக்காது.

1960-களில் செயற்கைக் கடலுப்பு பாக்கெட்டில் விற்பனைக்கு வந்த பிறகு கடற்கரையில் இல்லாதவர்களும் தொட்டி வைக்க முடிந்தது. ஆனால் அப்போது பரவலாக இருந்தது அண்டர் கிராவல் ஃபில்டர். தொட்டியின் அடியில் ஒரு துளைத் தட்டு, அதன் மேல் கிராவல். தண்ணீர் முழுக்க அந்தக் கிராவல் வழியாக இறங்கிச் சுத்தமாக வேண்டும். இதில் துப்பாக்கி இறாலை விட்டால் என்ன ஆகும்? அது தட்டு வரை தோண்டும். தண்ணீர் சுலபமான வழியில், அந்தக் குழியில் இறங்கிவிடும். ஃபில்டர் காலி! தோண்டுவதே தொழிலாகக் கொண்ட உயிருக்கு அந்தத் தொட்டி ஏற்றதல்ல.

வழி வேறு இடத்தில் திறந்தது. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள பாறையையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்தும் தன் முறையை 1961-ல் எழுதினார். பிறகு ஜெர்மனியில் பாறையும் புரோட்டீன் ஸ்கிம்மரும் சேர்ந்த பெர்லின் முறை உருவாயிற்று. ஃபில்டர் வேலையைப் பாறை எடுத்துக்கொண்டதால் மணல் வெறும் மணலாக இருக்க முடிந்தது. இறாலுக்கு அதுதானே வேண்டும்?

இன்று இந்த ஜோடியை வளர்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் விதிகள் எல்லாம் அதன் குணத்திலிருந்து வந்தவைதான். பாறைகளை மணல் மேல் அடுக்கக் கூடாது, தொட்டியின் தரையிலேயே பதிக்க வேண்டும். இல்லையென்றால் இறால் அடியில் தோண்டும்போது பாறை சரிந்து அதன் மேலேயே விழும். மணலில் சிப்பித் துண்டுகளும் பவளச் சில்லுகளும் கலந்திருக்க வேண்டும். அவைதான் வளைக்கு உத்தரமும் தூணும். தொட்டிக்கு மூடி அவசியம், உளுவை பயந்தால் வெளியே குதித்துவிடும். நடு இரவில் 'டப்' என்று சத்தம் கேட்டால் கண்ணாடி விரிந்துவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை. துப்பாக்கி வெடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வெடிக்கும் விளக்கம் வந்தது 2000-ல்தான். நெதர்லாந்து, ஜெர்மனி ஆய்வாளர்கள் விநாடிக்கு 40,000 படங்கள் எடுக்கும் கேமராவில் பிடித்தார்கள். சத்தம் கொடுக்கின் விரல்கள் மோதுவதால் வருவதல்ல. கொடுக்கு மூடும் வேகத்தில் விநாடிக்கு சுமார் 25 மீட்டர் வேகத்தில் நீர் பீய்ச்சியடிக்க, அங்கே ஒரு குமிழி தோன்றி உடைகிறது. அந்த உடைப்புதான் சத்தம். குமிழி உடையும் கணத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஒளியும், 5000 கெல்வினுக்குக் குறையாத வெப்பமும் உண்டாவதாக 2001-ல் கண்டார்கள்.

பிரித்ததும் மனிதன், சேர்ப்பதும் மனிதன்

இந்தக் கதையில் ஒரு சங்கடமான பக்கமும் இருக்கிறது. தொட்டிகளுக்கு வரும் இறால்களும் உளுவைகளும் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவை. 1960-களில் பிலிப்பைன்ஸில் அலங்கார மீன் பிடிக்க சோடியம் சயனைடு கரைசலைப் பீய்ச்சும் வழக்கம் தொடங்கியது. மீன் மயங்கும், பிடிப்பது சுலபம். பவளம் செத்துப்போகும்.

விஷமோ வலையோ, எப்படிப் பிடித்தாலும் ஜோடி பெரும்பாலும் உடைந்துவிடுகிறது. மீன் ஒரு பையில், இறால் இன்னொரு பையில். பழைய ஜாடிகளின் கதையேதான். வாங்குபவர் இரண்டையும் தனித்தனியே வாங்கி ஒரே தொட்டியில் விட்டுவிட்டுக் காத்திருக்கிறார். பொருத்தமான இனங்கள் என்றால், உதாரணமாக மஞ்சள் காவல்கார உளுவையும் புலி துப்பாக்கி இறாலும் என்றால், பல சமயம் சில நாட்களில் ஒன்றையொன்று கண்டுபிடித்துவிடுகின்றன. முன்பின் தெரியாத மீனின் மேல் இறால் தன் மீசையை வைக்கிறது. மஞ்சள் உளுவை இப்போது வளர்ப்பிலேயே குஞ்சு பொரிக்க வைக்கப்படுகிறது என்பது ஒரு நல்ல செய்தி.

கடலில் நிலைமை அப்படி இல்லை. 2016-ல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் வெப்பத்தால் வெளுத்தபோது, அங்கே பதிவு செய்த ஒலியை 2012-ன் ஒலியோடு ஒப்பிட்டார்கள். பாறை அமைதியாகிவிட்டிருந்தது, இறால்களின் சடசடப்பும் குறைந்திருந்தது. குடியேற இடம் தேடும் மீன் குஞ்சுகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வருகின்றன என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. 2019-ல் வெளியான ஆய்வில், செத்த பவளக் குவியல்களுக்கு நடுவே ஒலிபெருக்கி வைத்து ஆரோக்கியமான பாறையின் சத்தத்தை ஒலிபரப்பினார்கள். சத்தம் இல்லாத குவியல்களைவிட அங்கே இரு மடங்கு மீன்கள் வந்து சேர்ந்தன.

போர்க்காலத்தில் எதை இரைச்சல் என்று முகம் சுளித்தார்களோ, அதையே இன்று ஸ்பீக்கர் வைத்துப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. இறாலும் உளுவையும் தங்கள் பங்கைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கின்றன. ஒன்று தோண்டுகிறது, ஒன்று காவல் நிற்கிறது. காவல்கார மீனால் வாலை அசைத்து எச்சரிக்க முடியும். ஆனால் தண்ணீர் சூடாவதைத் தடுக்க அதனால் முடியாதே!