பீர்க்கங்காய் நாரும் எரிசாராயமும்

திருமுல்லைவாயில் கோயில் கதை அம்பத்தூர், ஆவடிப் பக்கத்தவர்களுக்குத் தெரிந்ததுதான். தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, யானையால் நகர முடியவில்லையாம். யானைக்கே அந்தக் கதி என்றால் ஈஸ்ட் எம்மாத்திரம்? ஈஸ்ட்டைச் செடி நாரில் கட்டிப்போட்டு ஆல்கஹால் எடுக்கும் கதைதான் இன்று.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்குக்கூட பெர்மிட், பதிவேடு, பூட்டிய அலமாரி. குடிப்பதும் அதே சரக்கு, எரிப்பதும் அதே சரக்கு. அதனால் சட்டத்துக்கு எப்போதும் இரண்டு முகம். 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. அதே 1948இல்தான் பெட்ரோலில் கலப்பதற்காக டெல்லியில் பவர் ஆல்கஹால் சட்டம் போட்டார்கள்! அந்தச் சட்டம் 2000இல் ரத்தானது. 2003 ஜனவரியில் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கியது. 2025இல் அது 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது.

இவ்வளவையும் தயாரிக்கும் தொழிலாளி ஈஸ்ட். 180 கிராம் குளுக்கோஸைக் கொடுத்தால், கணக்குப்படி 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் வரவேண்டும். ஆனால் ஈஸ்ட் தன் உடம்பை வளர்க்கவும் கொஞ்சம் சர்க்கரையைத் தின்றுவிடும். ஒவ்வொரு தொட்டிக்கும் புது ஈஸ்ட் வளர்த்தால் அவ்வளவும் நஷ்டம். நிறுத்தாமல் சாற்றை ஓடவிட்டாலோ, ஈஸ்ட் பெருகும் வேகத்தை ஓட்டம் மிஞ்சினால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். எனவே அதைப் பிடித்து வைக்க ஓர் இடம் வேண்டும்.

இந்த யோசனை பழையது. 1823இல் ஜெர்மனியில் ஷூட்சன்பாக் என்பவர் பீச் மரச் சீவல்களை நிரப்பிய தொட்டியில் மதுவைச் சொட்டவிட்டு வினிகர் எடுத்தார். பாக்டீரியா சீவலில் ஒட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் நடந்த வேலை நாட்களில் முடிந்தது. பிற்காலத்தில் ஈஸ்ட்டைக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் மணிகளுக்குள் அடைத்தார்கள். உள்ளே உண்டாகும் வாயு வெளியேற வழியில்லாமல் மணி வெடிக்கும்.

பிறகுதான் நம்ம பீர்க்கங்காய் நார், அதாவது முதுகு தேய்க்கிறோமே, அதேதான். 1994இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் ஓக்போன்னா குழுவினர் நுரைப்பீர்க்கின் நாரை நுண்ணுயிர் தாங்கியாகப் பயன்படுத்திக் காட்டினார்கள். வலை போன்ற நாருக்குள் செல்கள் தங்கும், வாயு தாராளமாக வெளியேறும், விலையும் அற்பம். நம் நாட்டில் புவனேஸ்வர ஆய்வாளர்கள் இதே நாரில் ஈஸ்ட்டை ஏற்றி, இலுப்பைப் பூவிலிருந்து எத்தனால் எடுத்தார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. காய்ந்த பூவில் பாதிக்கு மேல் சர்க்கரைதான்.

அப்படியானால் பெரிய டிஸ்டில்லரிகள் ஏன் இதைப் பிடித்துக்கொள்ளவில்லை? என் கணிப்பு இது. கரும்பாலைக் கழிவுப்பாகில் வண்டலும் உப்பும் அதிகம், நார் அடைத்துக்கொள்ளும். புளிக்கவைக்கும் கெட்ட பாக்டீரியாவும் அதே நாரில் சுகமாகக் குடியேறும். அதைவிட ஈஸ்ட்டைச் சுழற்றிப் பிரித்து மறுபடி தொட்டியில் விடுவது அவர்களுக்குச் சுலபம். இன்னொன்று, ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 8 முதல் 15 லிட்டர் வரை வெளியேறும் கருப்புக் கழிவுநீரை எந்த நாரும் குறைக்கப் போவதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. கரும்பு போதாமல், இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கு அரிசியையும் எத்தனாலுக்குத் தருகிறார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்த தலைமுறைக்கு அரிசியை வண்டியில் ஊற்றுவது சுலபமாக ஜீரணமாகாது. இலுப்பையைக் கொண்டு அந்த அரிசியை மிச்சப்படுத்த முடியுமா என்றால், இருக்கிற மரங்கள் போதவே போதா; தோப்புத் தோப்பாக இருந்தவை விறகாகப் போய்விட்டன. மிச்சம் நிற்பவற்றின் பூ பங்குனி, சித்திரையில் விடியற்காலையில் உதிர்கிறது. பொறுக்கத்தான் ஆளில்லை.