அடைபட்ட பட்டறைக் கதவு

விமானப் பராமரிப்புக் கல்வியை முடிக்கும் தறுவாயில் உள்ள நம் இளைஞர்கள் கார்னீலியஸ் காஃபியின் வரலாற்றை அறிதல் வேண்டும் என விழைகிறோம்.

1903-இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் பிறந்த காஃபியும், நண்பர் ஜான் ராபின்சனும் கார் மெக்கானிக்குகள், கறுப்பினத்தவர். சிகாகோவிலிருந்த கர்டிஸ்-ரைட் விமானப் பள்ளியில் அஞ்சல் வழியே இடம் பெற்றனர். நேரில் சென்றதும் நிறம் தெரிந்தது, கதவு அடைபட்டது. தாளில் இருந்த தகுதி முகத்தைக் கண்டதும் மறைந்துபோகும் விந்தை நமக்கும் புதிதன்று! அவர்களுக்கு வேலை அளித்திருந்த கார் வணிகர் எமில் மேக், வழக்குத் தொடுப்பதாகப் பள்ளியை எச்சரித்தார். கதவு திறந்தது. 1931-இல் இருவரும் சிறப்புறத் தேறினர். கறுப்பின மாணவர்க்குப் பாடம் நடத்த அப்பள்ளியே பின்னர் அவர்களை அழைத்துக்கொண்டது.

கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் பனிக்கட்டியாய் உறைந்து வழியை அடைக்கும். பறக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும். இதைத் தடுக்கச் சூடேற்றும் கருவியொன்றைக் காஃபி வடிவமைத்தார். பட்டறையில் கை கறுக்க உழைத்தவர்க்கே இத்தகைய நுட்பம் வாய்க்கும் என்பது எம் கருத்து.

பின்னர் வில்லா பிரவுன் அம்மையாருடன் சேர்ந்து, சிகாகோவை அடுத்த ஹார்லெம் விமான நிலையத்தில் தாமே ஒரு பள்ளி நடத்தினார். அங்குப் பயின்றோர் சிலர் இரண்டாம் உலகப் போரில் டஸ்கீகி விமானப் படையினராயினர். அப்பள்ளியின் ஒவ்வொரு வகுப்பிலும் வெள்ளையர் ஒருவரேனும் உடனிருந்து பயிலவேண்டும் என்பதில் காஃபி பிடிவாதமாக இருந்தார்.