புல எண்ணின் வம்சாவளி

போரூரைத் தாண்டிப் பூவிருந்தவல்லி செல்லும் சாலையில் உள்ள ஐயப்பன்தாங்கலில் ஒரு மனையையோ அடுக்குமாடி வீட்டையோ வாங்க எண்ணுகிறவர், தாய்ப்பத்திரம் தொடங்கிக் கடைசிக் கிரயப்பத்திரம் ஈறாக உள்ள கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றிலும் சொத்து விவரம் எழுதிய பகுதியை மட்டும் வரிசையாக வைத்துப் படிப்பாராயின், அந்தக் கிராமத்தின் சரித்திரமே அச்சில வரிகளுக்குள் அடங்கியிருக்கக் காண்பார். பழைய பத்திரத்தில் செங்கல்பட்டு ஜில்லா என்றிருக்கும். பிறகு செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் என்றாகும், 1997-இல் அந்த மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபின் காஞ்சிபுரம் மாவட்டம் என்று வரும். வட்டமும் ஸ்ரீபெரும்புதூராக இருந்து குன்றத்தூராயிற்று. மேலேயுள்ள பெயர்கள் இவ்வாறு ஆட்சிக்கும் வசதிக்கும் ஏற்ப மாறிக்கொண்டேயிருக்க, கீழேயுள்ள கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. நிலம் பாகமாகி எண் மாறுகிறபோதும், புதிய எண் தன்னைப் பெற்ற எண்ணைத் தன்னுள் ஏந்திக்கொண்டே பிறக்கிறது.

ஒரு புலத்துக்கு 45 என்று எண் இருப்பதாகக் கொள்வோம். அது இரண்டு பங்காளிகளுக்குப் பிரிந்தால் 45/1, 45/2 என்றாகும். இரண்டாவது பாகம் மீண்டும் பிரிந்தால் 45/2ஏ, 45/2பி. அவற்றுள் முதலாவது இன்னும் பிரிந்தால் 45/2ஏ1, 45/2ஏ2. எண்ணுக்குப் பின் எழுத்து, எழுத்துக்குப் பின் எண் என்று மாறி மாறி வைத்த இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பமான விவேகம் இருக்கிறது. எழுத்து இடையில் வராமல் 45/2-இன் முதல் பாகத்தை 45/21 என்று எழுதியிருந்தால், அது இரண்டின் பிள்ளையா, நாற்பத்தைந்தாம் புலத்தின் இருபத்தோராம் பாகமா என்ற சந்தேகம் நீதிமன்றம் வரை போயிருக்கும். தந்தையின் பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னிட்டு வழங்கும் தமிழர் ஒரு தலைமுறையை மட்டுமே பெயரில் சுமக்கிறார்கள். புல எண்ணோ பாட்டனையும் முப்பாட்டனையும் சேர்த்துச் சுமக்கிறது. 45/2 பிரிந்த கணமே அந்தப் பெயரில் நிலம் ஏதும் இல்லாமற் போகிறது. ஆயினும் வம்சத்தின் நடுவில் அது அழியாமல் நிற்கிறது.

இது மிகப் பழைய ஏற்பாடு என்று நினைத்துவிடலாகாது. முதலாம் இராஜராஜன் காலத்தில் தொண்டை மண்டலம் ஜயங்கொண்ட சோழ மண்டலம் என்று பெயர் பெற்றது. மண்டலத்தின் பெயர் மாறினாலும் அதன் கோட்டங்கள் பெரும்பாலும் பழைய பெயர்களோடேயே இருந்தன. ஐயப்பன்தாங்கலுக்கு அண்மையில் சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர் என்றே வழங்கிற்று. மேல்நிலைப் பெயர்கள் அரசரோடு மாறுவதும் கீழ்நிலைப் பெயர்கள் குடிகளோடு நிலைப்பதும் ஆகிய இயல்பு அன்றே காணப்படுகிறது. தனி நிலத்தைக் குறிக்கும் முறையில் சோழர் காலத்துச் சபைகள் அடைந்திருந்த தேர்ச்சியோ அதினும் வியப்புக்குரியது. உத்தரமேரூர்ச் சாசனங்களில் ஒரு நிலம், இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு என்னும் கிளை வாய்க்கால், இத்தனையாம் சதுரம் என்று குறிக்கப்படுகிறது. வதியும் வாய்க்காலும் குறுக்கும் நெடுக்குமாக ஓட, அவற்றிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் நிலத்தில் காலை வைத்துவிடலாம். ஆனால் அம்முறை நிலம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிற்றேயன்றி, எந்த நிலத்திலிருந்து பிரிந்தது என்பதைச் சொல்லவில்லை.

செங்கல்பட்டுச் சீமையில் அதைச் சொல்ல நெடுங்காலம் அவசியமும் ஏற்படவில்லை. இங்கு, பரம்பரைக் குடிகள் நிலத்தைக் கூட்டாக உடைய மிராசு கிராமங்களில் உரிமையானது பங்கு என்ற கணக்கில் இருந்தது. சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை, மிராசு உரிமையைப் பற்றி அரசு கேட்ட கேள்விகளுக்கு எழுதி 1818-இல் வெளியான விடைகள் இந்த விஷயத்தை விரிவாக ஆராய்கின்றன. பசுங்கரை என்ற வழக்கம் உள்ள ஊர்களில் நிலத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பங்காளிகளுக்குள் மாற்றிப் பகிர்ந்துகொள்வார்கள். அறுதிக்கரை ஊர்களில் மட்டுமே பாகம் நிலைத்திருக்கும். நிலமே கைமாறிச் சுழலும் ஊரில், பங்குக்கு வம்சாவளி இருக்கலாமேயல்லாது வயலுக்கு எப்படி இருக்கும்? 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பர்னார்டு இச்சீமையின் கிராமங்களை அளந்து கணக்கெடுத்தபோதும் கிராமமே ஆதாரமாக நின்றது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பட்டாதாரரைத் தேடிப் பிடித்துத் தீர்வை விதித்த ரயத்துவாரி முறை வேரூன்றிய பிறகுதான், வயல் என்பது பெயர் தேவைப்படும் ஒரு தனிப் பொருளாயிற்று. முதலில், பைமாஷ் என்ற பழைய நில அளவையின் எண்கள் வந்தன. 1858-இல் தொடங்கிய ரெவின்யூ சர்வேயில், அறுபத்தாறு அடிச் சங்கிலியைப் பிடித்துக் கல் நட்டு அளந்தவர்கள் அவற்றின் இடத்தில் சர்வே எண்களை வைத்தார்கள். பின்னர் 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம் அக்கற்களுக்கும் கோடுகளுக்கும் சட்ட பலம் தந்தது.

எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் புலப்படம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒரு தாளுக்கு ஒரு புலம். மூலைக்கு மூலை அளவுக் கோடு ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் தூரம் குறித்திருக்கும். உள்ளே 1, 2ஏ, 2பி என்று குழந்தைகளின் பெயர்கள். வெளியே சுற்றிலும் அண்டைப் புலங்களின் எண்கள். சாசனங்களில் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று பரக்க எழுதியதும், இன்றும் பத்திரங்களில் சக்குபந்தி என்று நாம் எழுதுவதும், இந்தத் தாளில் நான்கைந்து எண்களாகச் சுருங்கிவிடுகின்றன. உறவு இரண்டு வகை: பிறப்பால் வருவது ஒன்று, அண்டையால் வருவது ஒன்று. முதலாவதைப் பெயரிலும் இரண்டாவதைப் படத்திலும் வைத்த அந்த அளவையாளர்களின் புத்தியை நான் மனமார வணங்குகிறேன். இன்று பட்டாவைக் கணினியில் எடுக்க மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று கேட்கிறார்களே, அந்த வரிசை கணினிக்காகச் செய்தது அன்று. சங்கிலி பிடித்தவர்கள் செய்து வைத்ததைக் கணினி அப்படியே ஏற்றுக்கொண்டது.

இந்தப் பரம்பரை அறுந்த இடங்களும் உண்டு. 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். என்னும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் ஏக்கரும் சென்டும் ஹெக்டேராகவும் ஏராகவும் மாறின. பல ஊர்களில் உட்பிரிவுகள் திருத்தி எழுதப்பட்டன. நகரளவை நடந்த இடங்களிலோ வார்டு, பிளாக், நகரளவை எண் என்று முற்றிலும் புதிய பெயர் வந்தது. அதில் பழைய எண்ணின் சாயல் கூட இராது. வில்லங்கச் சான்று கேட்கும் வழக்கறிஞர்கள் 45/2ஏ1 என்ற எண்ணோடு நில்லாமல், 45/2ஏ, 45/2, 45 என்று மேலேறி ஒவ்வொன்றுக்கும் தேடச் சொல்வது, பிரிவதற்கு முன் முழுப் புலத்தின் மேல் எழுதிய அடமானம் பிள்ளையின் எண்ணில் அகப்படாது என்பதால்தான். இப்படி மேலேறுவதற்குப் பெயரே ஏணியாக நிற்கிறது. நகரளவை எண்ணில் அந்த ஏணி கிடையாது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே எழுதிய ஒப்பீட்டுப் பதிவேடு ஒன்றுதான் கதி. மனைப்பிரிவுகளில் உட்பிரிவு செய்யாமலே விற்று, 45/2 பகுதி என்று பலரும் ஒரே பெயரைச் சுமந்து கூட்டுப் பட்டாவில் காலந்தள்ளுவதும் இதே வகைக் கேடுதான்.

சென்னை மாநகரத்தின் எல்லை ஐயப்பன்தாங்கலுக்குப் பக்கத்தில், போரூர் வரை 2011-இல் வந்துவிட்டது. மேற்கிலுள்ள ஊராட்சிகளும் ஒருநாள் நகரளவைக்கு உட்படும். அப்போது புதிய எண்களை எழுதுகிறவர்கள், ஒப்பீட்டை அலுவலகப் பதிவேட்டோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பட்டாவிலும் புது எண்ணின் பக்கத்திலேயே பழைய புல எண்ணையும் உட்பிரிவையும் முழுமையாக அச்சிட்டுத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.