தோளிலிருந்து இறங்கிய சோறு

சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையின் மண்டித் தெருக்களில் மாலை வேளைகளில் தள்ளுவண்டிகளில் விற்கும் தட்டுவடை செட்டை நாம் அறிவோம். இரு தட்டுவடைகளுக்கிடையே துருவிய பீட்ரூட்டும் காரட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்துத் தரும் எளிய பண்டம் அது. இன்று ஏற்காடு செல்லும் பயணிகளும் அதைத் தேடி வந்து உண்கின்றனர். ஊரார் உணவை வெளியூரார் தேடி வரும்போது அவ்வுணவுக்கு என்ன நேர்கிறது? இவ்வினாவுக்கு விடை காணப் பினாங்கைப் பார்த்தல் வேண்டும். நம்மவர் கைமணம் அங்கே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கமழ்ந்து வருகிறது.

1786இல் ஆங்கிலேயர் அத்தீவில் துறைமுகம் கண்டபின், தமிழகக் கரையினின்றும் முஸ்லிம்கள் பலர் அங்குச் சென்றனர். துறையில் மூட்டை சுமந்தோருக்கு அவர்களிற் சிலர் சோறு விற்றனர். தண்டின் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறு முனையில் கறிச் சட்டிகள், தண்டோ தோளின்மேல். மலாய் மொழியில் 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்பது தோள்தண்டில் சுமத்தல். உண்டவனும் சுமையாள், விற்றவனும் சுமையாள்! பல குழம்புகளையும் சோற்றின்மேல் கலந்து ஊற்றுவதற்கு 'பஞ்சிர்', அதாவது வெள்ளம், என்று பெயர்.

பின்னர்த் தண்டு தோளிலிருந்து இறங்கிக் கடையாயிற்று. 1907இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்றும் நடக்கிறது. ஆனால் உண்பவர் மாறிவிட்டனர். சரக்குக் கப்பல்கள் எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்குப் போயின. சுவெட்டன்ஹாம் துறையில் இப்போது உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கிற்று. 2008இல் ஜார்ஜ் டவுன் நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வாடகை ஏறியது, பழைய குடிவீடுகள் பல தங்கும் விடுதிகளாயின, தலைமுறையாய் வாழ்ந்தோர் பலர் வெளியேறினர். பயணியை மட்டும் பழிப்பது நேர்மையன்று. அவன் தரும் காசிலும் அடுப்பு எரிகிறது. எனினும், அன்றாடம் உண்டு உப்புக் குறைந்தால் சொல்லிக் காட்டும் அண்டை வீட்டான் போய்விட்டால், சுவைக்குக் காவல் யார்?

அக்காவலை அரசே ஏற்க முனைந்தது. 2016 சனவரி முதல், பினாங்கின் புகழ்பெற்ற உணவு வகைகளைத் தெருக்கடைகளில் அயல்நாட்டார் சமைக்கலாகாதென மாநில அரசு விதித்தது. சுவை கெட்டால் பயணிகள் வாரார் என்னும் அச்சம்! அவ்வுணவுகளில் ஒன்றான 'சார் குவே தியாவ்' தென்சீனத்துத் தியோச்சியு மக்கள் கொணர்ந்தது. அவர்களும் நம்மவரும் கப்பலேறி வந்திறங்கியபோது அயல்நாட்டாரே அல்லரோ? நாசி கண்டார் உணவகங்களோ தமிழகத்திலிருந்து வேலைக்குச் செல்லும் இளைஞரைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. ஆள் கிடைக்கவில்லை என்பதே அங்குள்ள முஸ்லிம் உணவக உரிமையாளர்களின் நெடுநாள் முறையீடு.