உடைஞ்ச கப்பல் யாருக்குச் சொந்தம்?

புயலில் சிக்கி ஒரு வணிகக் கப்பல் உடைகிறது. பாதிச் சரக்கு கடலோடு போய், மீதி கரை ஒதுங்குகிறது. அந்த மீதி யாருக்கு? சரக்குக்காரனுக்குத்தான் என்று நாம சட்டுனு சொல்லிடுவோம். அந்தக் காலத்தில் அப்படி இல்லைங்க. கரை ஒதுங்கினது கரைக்குச் சொந்தக்காரனான அரசனுக்கு என்பதுதான் பல துறைமுகங்களில் வழக்கம்.

இதைப் பற்றித் தமிழிலேயே ஒரு கல்வெட்டு இருக்கு. யாழ்ப்பாணம் பக்கம் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ளது. வெட்டுவித்தவன் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186). சிங்கள அரசன் தமிழில் ஏன் ஆணை போட்டான்? படிக்க வேண்டியவங்க தமிழ் தெரிந்த வணிகர்கள், அவ்வளவுதான். பேராசிரியர் கா. இந்திரபாலா இதைப் படித்து 1963-ல் வெளியிட்டார்.

ஆணையின் சாரம் இது. வெளிநாட்டு வணிகர்கள் ஊறாத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரணும். அவங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானை, குதிரை கொண்டு வரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்ற சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி.

கவனிங்க, ஒரே புயல், ஒரே கரை, ஆனா விகிதம் ரெண்டு. பராக்கிரமபாகு பர்மா மீதும் பாண்டிய நாட்டின் மீதும் படை அனுப்பியவன். அவனுக்குக் குதிரை வேணும். ஒரு தடவை நொடித்துப் போன குதிரை வணிகன் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டான். அதனால்தான் அவனுக்கு மட்டும் சலுகை என்பது என் கணிப்பு. கருணை இல்லை என்று சொல்லவில்லை. கருணைக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கு.

அடுத்தது ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி. காகதீய கணபதிதேவன் 1244-45-ல் அங்கே ஒரு அபய சாசனம் வெட்டினான். முந்தைய அரசர்கள் உடைந்த கப்பல்களின் பொன், யானை, குதிரை எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறான். உயிரைவிடப் பொருள் பெரிதென்று கடலில் இறங்குகிறவர்களிடம் நான் தீர்வை தவிர எதையும் எடுக்கமாட்டேன் என்கிறான். அந்தத் தீர்வை முப்பதில் ஒன்று. பாதியிலிருந்து முப்பதில் ஒன்று! எவ்வளவு பெரிய இறக்கம் பாருங்க.

ஆரணிப் பட்டு நெய்யும் தேசூரில் இருந்துக்கிட்டு கடல் கதை எதுக்கு என்று கேட்கலாம். மோட்டுப்பள்ளித் தீர்வைப் பட்டியலில் சந்தனம், கற்பூரம், முத்து, மிளகோடு பட்டு நூலும் இருக்கு. சரக்கு வழியில் கெட்டால் நட்டம் யார் தலையில் என்பது தறிக்காரங்களுக்குப் புதுக் கேள்வி இல்லையே.

இதுக்கு நூறு வருஷம் கழித்து, 1340-களில், இபின் பதூதா கோழிக்கோட்டில் ஒரு கப்பல் உடைவதைப் பார்க்கிறார். அதில் போனது டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக் சீனப் பேரரசருக்கு அனுப்பிய பரிசுப் பொருட்கள். கரை ஒதுங்கினதை ஜனங்க அள்ளாதபடி கோழிக்கோட்டு அரசனின் ஆட்கள் அடித்து விரட்டினார்களாம். மலபாரின் மற்ற துறைகளில் இப்படிப்பட்ட பொருள் அரசனுக்குப் போகும். இங்கே மட்டும் உடையவனுக்கே, அதனால்தான் இந்த ஊர் செழிக்கிறது என்று எழுதுகிறார்.

ஆக, பறிக்கும் வழக்கம் எல்லா இடத்திலும் ஒழிந்துவிடவில்லை. பக்கத்துப் பக்கத்துத் துறைகளில் ரெண்டும் இருந்தது. வணிகன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று தெரிந்த அரசன் கையைக் கட்டிக்கொண்டான். ஒருநாள் ஒதுங்கும் சரக்கைவிட, வருஷா வருஷம் வரும் கப்பலின் தீர்வை பெரிது.

ஆனா இந்தக் கல்வெட்டுகள் எல்லாம் பேசுவது உடையவனையும் பண்டாரத்தையும் பற்றித்தான். அந்த மரக்கலத்தில் பாய் இழுத்தவன், குதிரைக்குத் தண்ணி காட்டினவன் பங்கு என்ன? அந்தப் பங்கை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை.